கருப்பை இறக்கம்: மருத்துவம் கடந்து வந்த பாதை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகநேரியை நெருங்கும்போது உப்பளங்களும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களும் கண்ணில் படும். பாத்தியில் விளைந்த உப்பைத் தலைச்சுமையாகச் சுமந்து மேட்டில் கொட்டும் வேலையைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்துள்ளனர். உப்பளமானாலும் வயலானாலும் செங்கற்சூளையானாலும், பாரம் தூக்கி உழைக்கும் பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு, வரக்கூடிய ஒரு நோய் உண்டு. 'அடி இறங்கிவிட்டது' என்று தாயிடமோ தமக்கையிடமோ மட்டும் காதோடு காதாகச் சொல்லப்படும் நோய் அது. மருத்துவர்கள் அதைக் கருப்பை இறக்கம் என்பர். இந்நோயை மனிதர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பது நாம் அறிய வேண்டிய ஒரு வரலாறு.

தோணியும் கயிறும்

முதலில் நோய் எதுவெனப் பார்ப்போம். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், தொட்டில் துணியைப் போல ஒரு தசைத்தளம் விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அதுவே கீழிருந்து தாங்குகிறது. பந்தகங்கள் எனப்படும் உறுதியான நார்கள் கருப்பையைப் பக்கங்களிலிருந்து இழுத்துப் பிடிக்கின்றன.

மருத்துவர்கள் இதற்குத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலை உவமை காட்டுவதுண்டு. நாம் தூத்துக்குடித் தோணி ஒன்றை நினைத்துக்கொள்வோம். தோணியின் பாரத்தைத் தாங்குவது தண்ணீர். கயிறு அதனை நிலையாக நிறுத்துகிறது, அவ்வளவே. தண்ணீர் வற்றினால் பாரம் முழுவதும் கயிற்றின் மேல் விழும். நாளடைவில் கயிறு தளரும். இங்கே தண்ணீர் என்பது தசைத்தளம். கயிறு என்பது பந்தகம். பிரசவத்தின்போது தசைத்தளம் மிகவும் விரிந்து நலிகிறது. பளுவான சுமை, ஓயாத இருமல், நாட்பட்ட மலச்சிக்கல், முதுமை ஆகியவையும் சேர்ந்தால் தாங்குதல் குறைந்து உறுப்புகள் கீழிறங்குகின்றன. சிலருக்குக் கருப்பையும், சிலருக்குச் சிறுநீர்ப்பையும், சிலருக்கு மலக்குடலும் பெண்குறி வழியை நோக்கிப் பிதுங்கும்.

ஏணியும் மாதுளையும்

இது புதிய நோயன்று. சுமார் 3500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் இடம் பெயர்ந்த கருப்பைக்கு மருந்து கூறப்பட்டிருக்கிறது. நம் நாட்டுச் சுசுருத சம்கிதையும் பெண்களுக்குரிய நோய்களை வகைப்படுத்தும்போது உறுப்பு இடம் நழுவும் நிலையைத் தனியே குறிப்பிடுகிறது.

பண்டைய கிரேக்கரிடையே, கருப்பை உடலுக்குள் தானாகவே அலைந்து திரியும் ஓர் உயிர் போன்றது என்ற எண்ணம் நிலவியது. ஆகவே அதனை நறுமணத்தால் ஈர்க்கவும் தீநாற்றத்தால் துரத்தவும் முயன்றனர். நோயுற்ற பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கும் முறையும் இருந்தது. பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கச் செய்யும் முறையும் இருந்தது. முன்னது வீண் கொடுமை. பின்னதில் ஓர் உண்மை மறைந்திருந்தது: இறங்குவதைக் கீழிருந்து தாங்க வேண்டும் என்பதே அது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சொரானஸ் என்ற மருத்துவர், கருப்பை விலங்குபோல அலைவதில்லை என்று துணிந்து எழுதினார்.

எனினும் பயன்தரும் மருத்துவம் நெடுங்காலம் பெண்களை எட்டவில்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெர்சிவல் வில்லபி என்ற மருத்துவர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். நிலக்கரிச் சுமையைத் தூக்கியபோது ஓர் ஏழைப் பெண்ணின் கருப்பை முழுவதும் வெளியே வந்துவிட்டது. வேதனை பொறாத அவள் கத்தியை எடுத்துத் தானே அதனை அறுத்தெறிந்தாள். அவள் உயிர் பிழைத்தாள். ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுவதும் சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கசிந்துகொண்டே இருந்தது.

அறுவையும் பயிற்சியும்

1846-இல் ஈதர் மயக்கமருந்தும், 1867-இல் லிஸ்டரின் கிருமி நீக்கும் முறையும் வந்த பிறகே அச்சமின்றி அறுவை செய்ய இயன்றது. 1888-இல் மான்செஸ்டர் நகரில் ஆர்ச்சிபால்டு டொனால்டு, கருப்பையை அகற்றாமலே தளர்ந்த பகுதிகளைச் சீர்செய்யும் அறுவையைத் தொடங்கினார்.

இந்தியாவுக்கென ஒரு தனிச் சிக்கல் இருந்தது. இங்கே இளம் பெண்களிடமும், இன்னும் பிள்ளைப்பேறு விரும்புகிறவர்களிடமும் இந்நோய் காணப்பட்டது. அவர்களுக்குக் கருப்பையை எடுத்துவிடுவது தீர்வாகாது. பம்பாய் மருத்துவர் வி. என். சிரோத்கர் (1899–1971) பட்டை ஒன்றைக் கொண்டு கருப்பையைத் தூக்கிக் கட்டும் அறுவை முறையை வகுத்தார். கயிறு தளர்ந்தால் தோணியை உடைப்பானேன்? புதுக்கயிறு கட்டினால் போதும் அல்லவா?

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் அடித்தளத் தசைகளுக்கே பயிற்சி தரலாம் என்று காட்டினார். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயையும் பெண்குறி வழியையும் உள்நோக்கிச் சுருக்கி, சில விநாடி நிறுத்தி, பிறகு தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கவோ வயிற்றை முக்கவோ கூடாது. நாள்தோறும் பல முறை, நான்கு மாதமேனும் தொடர வேண்டும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளின் 447 பெண்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களுக்குத் தொல்லைகள் குறைந்தன.

மாதுளையின் இடத்தை இன்று சிலிகோன் வளையம் பிடித்திருக்கிறது. மருத்துவரோ செவிலியரோ அளவு பார்த்துப் பொருத்தும் இவ்வளையத்தை அவ்வப்போது கழற்றிக் கழுவி மீண்டும் வைத்துக்கொள்ளலாம். அறுவைக்கு உடல் இடந்தராத மூதாட்டிகளுக்கு இது பெருந்துணை. புதியதெல்லாம் சிறந்தது என்பதும் இல்லை. பெண்குறி வழியாக வைக்கப்பட்ட செயற்கை வலைகள் பலருக்குத் தீராத வலியைத் தந்தன. இறக்கத்துக்கான அவ்வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் நிறுத்தியது.

பேசாமையே பெரிய தடை

மருத்துவம் இவ்வளவு வளர்ந்தும் பெண்கள் ஏன் துன்புறுகின்றனர்? மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் இரு சிற்றூர்களைச் சேர்ந்த 650 பெண்களிடம் நடந்த ஆய்வு 1989-இல் வெளிவந்தது. அவர்களுள் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. முன்பு அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 விழுக்காட்டினர்தாம். தமிழ்நாட்டில், செங்கற்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கும் கிராமப் பெண்கள் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள், கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவங்களைக் கேட்டு 1999-இல் வெளியிட்டனர். அண்டை நாடான நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் 2008-இல், இந்நோயைத் தடுக்கத் தவறுவது பெண்களின் உரிமையை மீறுவதாகும் என்ற வகையில் தீர்ப்பளித்தது.

ஆகவே இது பெண் தனியே சுமக்க வேண்டிய குறையன்று. வெட்கப்பட வேண்டியதும் அன்று. பிரசவத்துக்குப் பின் போதிய ஓய்வு, அளவான சுமை, மலச்சிக்கலுக்கும் இருமலுக்கும் உடனடி மருத்துவம், அடித்தளத் தசைப்பயிற்சி ஆகியவை பெருமளவு காக்கும். ஏதோ கீழிறங்குவதுபோல் தோன்றினால் மருத்துவமனையில் காட்ட வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, இரத்தம் கசிந்தாலோ, புண் தோன்றினாலோ தாமதம் கூடவே கூடாது. 'கருப்பையை எடுத்துவிடுவோம்' என்று மருத்துவர் சொன்னால், வளையமோ பயிற்சியோ தூக்கிக் கட்டும் அறுவையோ தமக்குப் பொருந்துமா என்று கேட்பது பெண்ணின் உரிமை. தளர்ந்த தாங்கிகளைச் சீர்செய்யாமல் கருப்பையை மட்டும் எடுத்தால், மற்ற உறுப்புகள் பிறகு இறங்கக்கூடும்.

இதைப் படிக்கும் மாணவர்கள் வீட்டில் உள்ள பெண்களுக்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டலாம். பல ஆண்டுகளாக ஒருவர் மறைத்து வைத்திருக்கும் வேதனை, அன்றே மருத்துவரின் செவிக்கு எட்டக்கூடும்.