அரசு விலகி நின்றால், அங்கீகாரம் கொடுத்துவிட்டதாக அர்த்தமா?



சமய வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், திருமுறையில் ஆர்வமுள்ள இளைஞர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கு. "அமெரிக்காவுல ஒரு சமயக் கல்லூரி, ஆன்லைன்லயே பட்டம் கொடுக்குறாங்களாம். அந்த மாநிலச் சட்டப்படிதான் நடத்துறோம்னு சொல்றாங்க. சேரலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அந்த "சட்டப்படி" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. அமெரிக்காவில் கல்லூரி நடத்த அனுமதி கொடுப்பது வாஷிங்டன் இல்லை, அந்தந்த மாநில அரசு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சமயக் கல்லூரிகளுக்குச் சில மாநிலங்களில் விலக்கு உண்டு, சில மாநிலங்களில் நிபந்தனையோடு உண்டு.

விதி எதற்கு வந்தது? பட்டத்தை விற்று வியாபாரம் செய்தவர்களால்தான். 1960-களில் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கெர்பி ஹென்ஸ்லி என்பவர் யூனிவர்சல் லைஃப் சர்ச் என்ற அமைப்பை நடத்தினார். 20 டாலர் அனுப்பினால் போதும், "டாக்டர் ஆஃப் டிவினிட்டி" பட்டம் வீட்டுக்கே வரும். கூடவே பத்துப் பாடங்கள் இலவசம்! மாநில அரசு அவர்மீது வழக்குப் போட்டது. சமயத்தின் பெயரைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தவர்கள் அங்கும் இருந்தார்கள்.

இதுபோன்ற பட்ட வியாபாரத்தைத் தடுக்க டெக்சஸ் மாநிலம் 1975-இல் ஒரு சட்டம் போட்டது. பட்டம் கொடுக்க வேண்டுமானால், அரசு ஏற்றுக்கொண்ட தர அமைப்பு ஒன்றின் சான்று வேண்டும். அது இல்லையென்றால் மாநில உயர்கல்வி வாரியத்தின் அதிகாரச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் பட்டம் கொடுக்கக் கூடாது. "காலேஜ்", "யுனிவர்சிட்டி" என்ற பெயரும் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறகு "செமினரி" என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாதிரியார்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.

நல்ல நோக்கம்தான். ஆனால் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் என்ற ஊரில் டின்டேல் செமினரி என்று ஒரு சிறிய கிறிஸ்துவக் கல்லூரி. பைபிளும் ஊழியப் பயிற்சியும்தான் அங்கே பாடம். வாரியத்தின் சான்றிதழை அவர்கள் வாங்கவில்லை. 1998-இல் 34 மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள். வாரியம் அபராதம் போட்டது. ஒரு பட்டத்துக்கு 5,000 டாலர் வீதம் 170,000. "செமினரி" என்ற சொல்லைப் பயன்படுத்தியதற்கு 3,000. மொத்தம் 173,000 டாலர்!

டின்டேல் பணம் கட்டவில்லை, நீதிமன்றம் போனது. இன்னும் இரண்டு கல்லூரிகள் கூடச் சேர்ந்துகொண்டன. ஒன்று டல்லாஸில் கறுப்பின மக்களுக்கு ஊழியப் பயிற்சி கொடுத்த சதர்ன் பைபிள் இன்ஸ்டிடியூட். இன்னொன்று சான் அன்டோனியோவில் ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்கான பைபிள் கல்லூரி. மூன்றுமே பெரிய பணக்கார நிறுவனங்கள் இல்லை. வசதி குறைந்த சமூகத்துக்குச் சேவை செய்யும் இடங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததா?

அரசுத் தரப்பு வாதம் இதுதான்: "நீங்க எதை வேண்டுமானாலும் போதிங்க, நாங்க தடுக்கல. பட்டம் என்ற பெயரை மட்டும் எங்க அனுமதி இல்லாம கொடுக்காதீங்க. இல்லன்னா பட்டத்துக்கே மதிப்பு இருக்காது."

கல்லூரிகளின் பதில்: "உங்க சான்றிதழ் வாங்கணும்னா ஆசிரியர் தகுதி, பாடத்திட்டம், நிர்வாகம் எல்லாம் உங்க அளவுகோலுக்கு வரணும். அப்படின்னா எங்க சமயத்தைப் போதிக்க யாருக்குத் தகுதின்னு அரசாங்கம் முடிவு செய்யுது. அது உங்க வேலையா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இது கிறிஸ்துவர்களின் வழக்கு மட்டும் இல்லை. நம்ம கோயில்களுக்கு வரும் குருக்களில் பலர் பாடசாலையில் வருடக்கணக்கில் குருவோடு தங்கி, வாய்மொழியாகவே வேதமும் ஆகமமும் கற்றவர்கள். ஓதுவாரும் அப்படித்தான். பண் தெரிந்த பெரியவரிடம் காலையும் மாலையும் பாடிப் பாடிப் படிந்த குரல் அது. "பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு முதுகலைப் பட்டம் இருக்கா?" என்று ஓர் அதிகாரி கேட்டால், அந்தக் குருமார்களில் எத்தனை பேர் தேறுவார்கள்? அவருடைய தகுதி குரு பரம்பரையில் இருக்கு. அதை அளக்கிற கோல் எந்த அரசு அலுவலகத்திலும் கிடையாது.

வழக்கு பல வருடம் இழுத்தது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2007 ஆகஸ்ட் 31 அன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் கல்லூரிகளின் பக்கம் நின்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நேதன் ஹெக்ட். சமயப் பணிக்கு ஆட்களைத் தயார் செய்யும் கல்விக்கு அரசு தரம் நிர்ணயிப்பது, சமயத்துக்குள்ளேயே அரசு கை வைப்பது போன்றது என்பது தீர்ப்பின் சாரம். சில நீதிபதிகள் ஒரு பகுதியில் மாறுபட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டத்தின் பெயரைப் பாதுகாக்க அரசுக்கு உரிமை உண்டு என்ற கவலையும் நியாயமானதுதானே?

கதை இத்தோடு முடியவில்லை. அடுத்து வந்ததுதான் நமக்கு முக்கியமான பாடம்.

அதே டெக்சஸில், டல்லாஸுக்குக் குடிபெயர்ந்து வந்த ஒரு நிறுவனம், இன்ஸ்டிடியூட் ஃபார் கிரியேஷன் ரிசர்ச். உலகம் பைபிளில் சொன்னபடியே படைக்கப்பட்டது என்று நம்புகிறவர்கள். அறிவியல் கற்பித்தலில் "மாஸ்டர் ஆஃப் சயன்ஸ்" பட்டம் கொடுக்க அனுமதி கேட்டார்கள். 2008-இல் வாரியம் மறுத்தது. அவர்களும் வழக்குப் போட்டார்கள். 2010-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பைபிள் சார்ந்த, சமயப் பெயருள்ள பட்டத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

ஒரே மாநிலம், ஒரே வாரியம், மூன்று வருட இடைவெளி. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். வித்தியாசம் என்ன? டின்டேல் சமயத்தைச் சமயம் என்றே சொன்னது. மற்றவர்கள் சமயத்தை அறிவியல் என்ற பெயரில் கொடுக்கக் கேட்டார்கள்.

மற்ற மாநிலங்களின் விலக்கு விதியிலும் இந்தக் கோடு தெளிவாகத் தெரியும். ஃபுளோரிடாவில் விலக்கு வேண்டுமானால் கல்லூரி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும்: பெயரிலேயே சமயம் தெரிய வேண்டும், பாடங்கள் சமயப் பணிக்கு மட்டுமே தயார் செய்ய வேண்டும், பட்டத்தின் பெயர் சாதாரணப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு குழம்பக் கூடாது. கலிஃபோர்னியாவிலும் இதே போக்குதான். லாப நோக்கமில்லாத சமய அமைப்பாக இருக்க வேண்டும், பாடம் அந்தச் சமயத்துக்குள் நிற்க வேண்டும், பட்டத்தின் பெயரிலும் அது தெரிய வேண்டும்.

ஆக, விலக்கு என்றால் "நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை" என்றுதான் அர்த்தம். "சோதித்துப் பார்த்தோம், நல்லா இருக்கு" என்ற அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான் சில பேர் பணம் பார்க்கிறார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். மலேசியாவின் 1996 கல்விச் சட்டத்தில் "கல்வி நிலையம்" என்பதற்கான விளக்கத்தைப் பாருங்கள். சமயம் மட்டுமே போதிக்கப்படும் இடம் அதில் சேராது. சிங்கப்பூர்க் கல்விச் சட்டத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வழக்கமாகக் கற்கும் இடம் பள்ளிக்கூடம். ஆனால் முழுக்க முழுக்கச் சமயம் போதிக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. (இஸ்லாமியச் சமயக் கல்விக்கு இரண்டு நாட்டிலும் தனிச் சட்டங்கள் உண்டு.) நம்ம கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு நடக்கிறதென்றால், அந்த ஒரு வரி கொடுத்த இடம் அது. அதே மண்டபத்தில் கட்டணம் வாங்கிக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தால் கதை வேறு. அப்போது பதிவு, அனுமதி எல்லாம் பார்க்க வேண்டும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும். சமயக் கல்லூரியில் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. உங்களுக்கு இருப்பது விலக்கா, தர அங்கீகாரமா? அங்கீகாரம் என்றால் கொடுத்தது யார்?

2. இந்தப் பட்டத்தை வைத்து அரசாங்க வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக முடியுமா? மலேசியாவில் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் உள்ளூர்ப் படிப்புகளைத் தேடிப் பார்க்கலாம். சிங்கப்பூர் அன்பர்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்திடமோ வேலை கொடுப்பவரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

3. யாரிடம் படிக்கப் போகிறேன்? அவர் யாரிடம் படித்தார்?

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால், முதல் இரண்டுக்கும் "இல்லை" என்று பதில் வந்தாலும் தாராளமாகப் படிக்கலாம். சமய அறிவுக்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தால் ஏமாற்றம் இல்லை. வேலைக்கு ஆகும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டினால்தான் குடும்பம் கஷ்டப்படும்.

இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்லணும். மூன்று மணி நேர விழாவில் சால்வையோடு "டாக்டர்" பட்டம் வாங்கி, மறுநாளே கோயில் அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் பெருகிவிட்டது. மொடெஸ்டோவில் 20 டாலருக்குக் கிடைத்ததும் இதுவும் எவ்வளவு தூரம்? அரசு நம்ம சமயத்துக்குள் நுழையாமல் விலகி நிற்பது பெரிய மரியாதை. டின்டேல்காரர்கள் அதற்காக ஒன்பது வருடம் போராடினார்கள். உள்ளே தரத்தைக் காப்பாற்றுவது நம்ம பொறுப்பு. அதை நாம் செய்யாவிட்டால், ஒருநாள் செய்ய வேறு ஆள் வருவார்கள்.

பயனுள்ளதாக இருந்தால் சமய வகுப்புப் பெற்றோர்களுக்குப் பகிருங்கள். கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.