ஊசி போட்டுக்கொண்டு ஆடியவர்கள்

2002-ல் ஆண்டிகுவா டெஸ்டில் அனில் கும்ப்ளே உடைந்த தாடையோடு, முகத்தைச் சுற்றிக் கட்டு போட்டுக்கொண்டு வந்து பந்து வீசினாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நிலையில் லாராவின் விக்கெட்டை வேறு எடுத்தார். அடிபட்டும் ஆடுவது என்றாலே நமக்கு அந்தப் படம்தான் மனதில் வரும்.

ஆனால் கும்ப்ளேவுக்குத் தன் தாடை உடைந்தது தெரியும். தெரிந்தேதான் இறங்கினார். தன் உடம்பில் என்ன உடைந்திருக்கிறது என்றே தெரியாமல் ஆடியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த அப்படி இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

முதலாமவர் பில் வால்டன், கூடைப்பந்து வீரர். 1974-ல் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஆறடி பதினோரு அங்குல உயரம், தாடி, நீள முடி, சைவச் சாப்பாடு. கல்லூரியில் படிக்கும்போதே வியட்நாம் போரை எதிர்த்துப் போராடிக் கைதானவர். முதல் இரண்டு வருடங்களில் அடிக்கடி அடிபட்டு உட்கார்ந்தார். உடனே "சும்மா நடிக்கிறான்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பேச்சை மறந்துவிடாதீர்கள், பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1977-ல் போர்ட்லண்ட் சாம்பியன். இறுதிப் போட்டித் தொடரின் சிறந்த வீரர் வால்டன். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அடுத்த சீசன் இன்னும் பிரமாதம், முதல் 60 ஆட்டங்களில் 50 வெற்றி! அப்போது வால்டனின் கால் மக்கர் பண்ணியது. அவர் இல்லாமல் ஆடிய மீதி 22 ஆட்டங்களில் 8-ல்தான் அணி ஜெயித்தது. மொத்தம் 58 ஆட்டங்களே ஆடியும் அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அவர் இல்லாவிட்டால் அணி என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அணி நிர்வாகம் உட்பட.

சியாட்டிலுக்கு எதிரான பிளே-ஆஃப் வந்தது. வால்டன் திரும்பி வந்தார். இடது பாதத்தில் வலி. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப்பட்டது. ஆடினார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் பாதத்தின் நடுவே இருக்கும் ஒரு சின்ன எலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. நேவிக்குலர் என்பார்கள், படகு மாதிரி இருக்கும். நிற்கும்போதும் குதிக்கும்போதும் உடம்பின் பாரத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சீசன் அவருக்கு அதோடு முடிந்தது, தொடரையும் சியாட்டில் ஜெயித்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். யாரும் அவர் கையைக் கட்டிவைத்து ஊசி போடவில்லை, அவர் சம்மதித்தார். போட்ட டாக்டர் அவருக்கு நண்பரும்கூட. ஆனால் அந்த டாக்டர் அணியின் டாக்டர். அணியோ வால்டன் ஆடியாக வேண்டும் என்று காத்திருக்கிறது. ஏற்கெனவே "நடிக்கிறான்" என்று பெயர் வாங்கிய 25 வயதுக்காரர் அந்த அறையில் "வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு சுலபம்?

அந்தக் கோடையிலேயே வால்டன், வீரர்களின் காயங்களை அணி சரியாகக் கவனிப்பதில்லை என்று குற்றம் சாட்டி, தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. 1978-79 சீசன் முழுவதும் அவர் ஆடவே இல்லை. 1979-ல் சான் டியேகோ கிளிப்பர்ஸுக்குப் போனார். அன்றைய விதிப்படி, ஒரு வீரரை இழந்த அணிக்குப் புது அணி நஷ்டஈடு தர வேண்டும். ஆக வால்டனை இழந்ததற்காக போர்ட்லண்டுக்கு ஆட்களும் பணமும் கிடைத்தன! கிளிப்பர்ஸில் முதல் சீசனில் அவர் ஆடியது 14 ஆட்டம். அடுத்த இரண்டு சீசன்கள் பூஜ்யம்.

இரண்டாமவர் சார்லி க்ரூகர். அமெரிக்கக் கால்பந்தில் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணிக்கு 1959 முதல் 1973 வரை ஆடியவர். 1963-ல் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே முக்கியமான ஒரு லிகமென்ட் இல்லாதது போல் தெரிகிறது என்று டாக்டர் குறிப்பு எழுதினார். க்ரூகரிடம் சொல்லவில்லை. அதன்பின் பல வருடம் முழங்காலில் கோத்த நீரை எடுப்பதும் ஸ்டீராய்டு ஊசி போடுவதுமாக ஆட்டம் ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு, 1978-ல்தான் தன் எக்ஸ்ரேக்களை முதல்முறையாகப் பார்த்தார்.

வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. அங்கே சொன்ன காரணம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: உண்மையைச் சொல்லியிருந்தாலும் இவர் எப்படியும் ஆடியிருப்பார், அவ்வளவு ஆசை இவருக்கு! ஒருவன் தன் தொழிலை நேசிப்பதையே அவனுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். 1987-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆட ஆசைப்பட்டார் என்பதால் சொல்லும் கடமை போய்விடாது என்றது. 1988-ல் 23 லட்சம் டாலருக்கும் மேல் அவருக்குத் தரத் தீர்ப்பானது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் தாண்டிவிட்டது.

2011-ல் அமெரிக்கக் கால்பந்து லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், அணி டாக்டரின் முதல் கடமை அணிக்கு அல்ல, நோயாளியான வீரருக்கே என்று எழுதி வைத்தார்கள். அதை எழுதி வைக்க வேண்டிய நிலைமை இருந்திருக்கிறது, பாருங்கள்.

வால்டன் 1986-ல் பாஸ்டன் செல்டிக்ஸில் மாற்று வீரராக 80 ஆட்டங்கள் ஆடி இன்னொரு சாம்பியன் பட்டம் வாங்கினார். ஆனாலும் கால் அவரை விடவில்லை. வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 2009-ல் போர்ட்லண்டுக்குப் போய், தான் அணியை விட்டுப் போன விதத்துக்காக அந்த ஊரிடம் மன்னிப்புக் கேட்டார். 2024 மே மாதம் 71 வயதில் இறந்துபோனார். அந்த மன்னிப்பு அவர் கேட்டிருக்க வேண்டியதுதானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?