அளந்து வைத்த தேவாலயம்

2019 ஏப்ரல் 15 மாலை நோத்ர் டாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோது, பாரிசில் குசினி வேலை செய்யும் நாங்கள் கோப்பை கழுவுவதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் நின்றோம். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகந்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

தேவாலயத்தை ஒருவர் முன்பே அளந்து வைத்திருந்தார். அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் அன்ட்ரூ ராலன், 2010இல் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் லேசர் கருவியை நிறுத்தி, கல்லில் பட்டுத் திரும்பிய ஒளியிலிருந்து நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளைப் பதிந்தார். மேற்குப் பக்கத் தூண்கள் நேர்கோட்டில் இல்லை என்பதும் அந்த அளவுகளில் தெரிந்தது. கொத்தர்களும் மனிதர்கள்தானே! 2018இல் அவர் இறந்தார். திருத்த வேலைக்கு அந்தப் புள்ளிகள் உதவின. 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது.

எங்கள் நூலகக் கட்டிடத்தையும் பிறகு கட்டினார்கள். பிரதி எடுக்கப்படாத ஏடுகள் வரவில்லை.