சனி ஒரு சுற்று வரும் காலம்

2023-ஆம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதியே சனி பகவான் கும்ப ராசியில் பிரவேசித்துவிட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் கூற, வாக்கியப் பஞ்சாங்கத்தை அனுசரித்து வரும் திருநள்ளாற்றுக் கோயிலிலோ அவ்வாண்டு டிசம்பர் 20-ந் தேதிதான் பெயர்ச்சி விழா நடைபெற்றது. ஒரே கிரகம், ஒரே ஆகாயம். வித்தியாசமோ பதினொரு மாதம். இதைக் கேட்டவுடன் பழைய கணிதத்தையே பரிகசிக்கத் துணிகிறவர்கள், அக்கணிதம் எப்படிப் பிறந்தது, எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதையும் சற்றே விசாரித்தல் நலம்.

கி.பி. 499-ஐத் தம் கணக்குக்கு ஆதாரமாகக் கொண்டு ஆரியபடர் இயற்றிய நூலில், இன்ன கிரகம் இத்தனை நாளில் ஒரு சுற்று வரும் என்று சொல்லப்படவில்லை. நாள் கணக்கில் சொன்னால் பின்னம் வரும். பின்னத்தை மனப்பாடம் செய்வதோ பெருந்தொல்லை. ஆகையால் அவர் 43,20,000 வருஷங்கள் கொண்ட ஒரு மகாயுகத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் சனி 1,46,564 சுற்றும், குரு 3,64,224 சுற்றும், செவ்வாய் 22,96,824 சுற்றும் வருவதாக முழு எண்களாகவே விதித்து, அந்த யுகத்துக்குரிய நாட்கள் 157,79,17,500 என்றும் கூறிவிட்டார். வகுத்துப் பார்க்க வேண்டியது நம் வேலை. வகுத்தால் செவ்வாய்க்கு 687 நாளும், குருவுக்கு 4,332 நாளும் சிறிதும் கிடைக்கின்றன. இன்றைய வானநூலார் சொல்வது செவ்வாய்க்கு 686.98, குருவுக்கு 4,332.59. தூரதரிசினி தோன்றுவதற்கு ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன், வெறுங்கண்ணையும் முன்னோர் குறித்து வைத்த குறிப்புகளையும் நம்பிச் செய்த கணக்கு இது.

இதனினும் ஆச்சரியமானது புதன், சுக்கிரன் ஆகிய இரண்டின் விஷயம். இவை சூரியனை விட்டு அதிக தூரம் விலகாமல் முன்னும் பின்னுமாக ஊசலாடுவதால், பூமியிலிருந்து பார்ப்பவனுக்கு இவற்றின் சராசரிச் சுற்று சூரியனுடையதைப் போல ஒரு வருஷமாகவே தோன்றும். ஊசலாட்டத்தைக் கணிப்பதற்காகச் ‘சீக்கிரோச்சம்’ என்று ஒரு புள்ளியைக் கற்பித்து, அது யுகமொன்றில் புதனுக்கு 1,79,37,020 தடவையும், சுக்கிரனுக்கு 70,22,388 தடவையும் சுற்றுவதாக வைத்தார்கள். வகுத்தால் முறையே 87.97 நாள், 224.70 நாள். அவ்விரு கிரகங்களும் சூரியனைச் சுற்றிவரும் காலம் இதுவே. சூரியனை நடுவில் வைத்துப் பாராமலே, சூரியனைச் சுற்றும் காலத்தைக் கையில் வைத்திருந்தார்கள்!

தமிழ்நாட்டுப் பஞ்சாங்க கணிதர்கள் இந்த வழியில் வந்த கணக்கை வாக்கியங்களாக நெட்டுருச் செய்து, சோழிகளை இட்டுக் கூட்டியும் கழித்தும் வந்தார்கள். 1769-இல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்து, அந்நேரம் பார்த்து மேகம் மறைத்ததால் ஏமாந்த லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானநூலார், இத்தகைய தமிழர் ஒருவரிடமே கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டு ஐரோப்பியருக்கு எழுதினார். பாவம், 1761-இலும் அவர் அக்காட்சியைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து, அளவெடுக்க இயலாமல்தான் பார்த்தார். எட்டு வருஷத்தில் மறுபடியும் அது நேர்ந்தது ஏனெனில், சுக்கிரனின் பதின்மூன்று சுற்றும் நம்முடைய எட்டு வருஷமும் ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் சமமாக வருகின்றன.

இனிச் சனிக்கு வருவோம். ஆரியபடர் எண்ணின்படி சனிக்கு ஒரு சுற்று 10,766 நாள். உண்மையோ 10,759 நாளும் சிறிதும். முப்பது வருஷத்தில் ஏழு நாள் என்பது அற்பப் பிழைதான். ஆனால் 499-க்குப் பிறகு சனி ஐம்பது சுற்றுக்கு மேல் வந்துவிட்டது. அந்த ஏழு நாளைத் திருத்தாமல் ஐம்பதால் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிடுகிறது. இடையே பலர் ‘பீஜ சம்ஸ்காரம்’ என்ற பெயரால் திருத்தங்கள் சேர்த்திருப்பதால் இன்றைய பதினொரு மாதமும் இந்த ஒரு காரணத்தால் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். சிறுபிழை பெரும்பிழையாகும் வகை இதுவென்று காட்டவே சொன்னேன்.

இதை முன்னோர் அறியாதவரல்லர். கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் ஐம்பத்தைந்து வருஷம் கிரகணங்களைப் பிரத்யட்சமாகப் பார்த்து, பழைய கணக்கு ஆகாயத்தோடு ஒட்டவில்லையெனக் கண்டு 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற நூலை இயற்றினார். கண்ணால் கண்டதற்கு இசையக் கணிப்பது என்பதே அதன் கொள்கை. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டதும், 1874-இல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடக்கவிருந்ததைப் பற்றி நம் ஜனங்களுக்கு விளங்கும்படி நூல் எழுதியதும் அதே கொள்கையினால்தான்.

ஆகவே ஆரியபடர் மேல் குற்றமில்லை. அவர் கணக்கில் இருந்த ஏழு நாள் பிழை அற்பமே. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் ஆகாயத்தைப் பாராமல் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்த பிற்காலத்தார்தாம் அதற்குப் பொறுப்பாளிகள்.