பித்தளையும் பருவமழையும்

பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் சேமித்து வைக்கப்பட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், சுடப்படாமலேயே விரிசல் கண்டன. இக்கேட்டிற்குப் ‘பருவ விரிசல்’ என்று பெயர். பெயரைக் கேட்போர் மழையையே குற்றவாளி எனக் கருதக்கூடும்.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கிற்று. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு கூடிப் பித்தளையைத் தாக்கியது. ஆயினும் அம்மோனியா மட்டுமே விரிசலை உண்டாக்கிவிடவில்லை. 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டைச் சூடாக்காமல் இழுத்துக் கூடாக வடிக்கும்போது, உலோகத்தினுள் தகைவு தங்கிவிடுகிறது. அந்தத் தகைவும் அம்மோனியாவும் சேர்ந்தபோதே கூடு பிளந்தது.

எனவே தீர்வு, காய்ச்சி ஆற்றும் வெப்பநிலையைத் தேர்வதில் இருந்தது. 600 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சினால் தகைவு முற்றும் நீங்கும். ஆனால் உலோகத்தின் படிகங்கள் புதிதாக உருவாகிப் பித்தளை மென்மையாகிவிடும். மென்மையான கூடு வெடியின் அழுத்தத்தில் விரிந்தபின் போதிய அளவு சுருங்காது. துப்பாக்கி அறையிலேயே சிக்கிக்கொள்ளும். மிகக் குறைவாகக் காய்ச்சினாலோ தகைவு எஞ்சி நிற்கும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரையிலான வெப்பத்தில், வன்மை பெரிதும் குன்றாமலே தகைவு தணிகிறது.

நோய் வெளிப்பட்ட இடம் இந்திய லாயம். அதன் வித்து விழுந்த இடம் வார்ப்பும் இழுப்பும் நிகழ்ந்த ஆலை. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தின்மீது குறை ஏற்றப்படும்போதெல்லாம், பொருள் உருவான முறையையும் சேர்த்து ஆராய்வது தொழில்நுட்ப வரலாறு பயில்வோரின் கடமையாகும்.