எல்ம் மரங்களின் நகரம்

சாலையோரத்தில் மரம் நடுகிறவர் அதன் முழு நிழலைக் காண்பது அரிது. நகரங்களில் இன்று நாம் காணும் நிழலெல்லாம் முன்னோர் விட்டுச் சென்ற சொத்தே எனலாம். அச்சொத்து ஒரே தலைமுறையில் கரைந்துபோகும் நிலை வந்தால் ஒரு நகரம் என் செய்யும்? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மாநகர் இக்கேள்வியை அண்மைக் காலத்தில் நேருக்கு நேர் சந்தித்தது.

1835-ஆம் ஆண்டில் வெள்ளையர் அங்குக் குடியேறியபோது, யாரா ஆற்றங்கரை கூலின் மக்களின் மண்ணாயிருந்தது. யூகலிப்டஸ் இன மரங்கள் அங்கே ஓங்கி நின்றன. 1851-இல் அம்மாநிலத்தில் பொன் கிடைத்ததும் ஊர் பெருத்தது, செல்வம் குவிந்தது. செல்வத்தோடு தாயக ஏக்கமும் வளர்ந்தது போலும். இங்கிலாந்தின் எல்ம் மரத்தையும், ஐரோப்பிய வீதிகளை அணிசெய்யும் பிளேன் மரத்தையும் கொணர்ந்து சாலைகளின் இருமருங்கும் வரிசை வரிசையாக நட்டனர். ஃபிட்ஸ்ராய் பூங்காவில் விரைந்து வளரும் என்பதற்காக முதலில் நடப்பட்டது நீல யூகலிப்டஸ். நம் நீலகிரியில் தைலத்துக்குப் பெயர்போன அதே மரந்தான் அது. பின்னாளில் அவற்றுள் பலவற்றை அகற்றிவிட்டு எல்ம் மரங்களுக்கு இடம் கொடுத்தனர். சொந்த மண்ணிலேயே அந்த மரம் விருந்தாளியாகிவிட்டது!

இருபதாம் நூற்றாண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. எல்ம் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் ஒன்று ஐரோப்பாவில் தோன்றி, 1930-ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவையும் அடைந்தது. வண்டுகள் சுமந்து சென்ற அந்நோயால் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. எல்ம் ஒன்றையே நம்பி வீதிகளை அமைத்திருந்த அமெரிக்க ஊர்கள் பல, சில ஆண்டுகளில் மொட்டையாய் நின்றன. கடல் சூழ்ந்த ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் அந்நோய் சென்றடையவில்லை. இதனால், பிறந்த மண்ணில் அழிந்த மரம் வந்தேறிய மண்ணில் செழித்தது. முதிர்ந்த எல்ம் மரச் சாலைகளைக் காண விரும்புவோர் இன்று மெல்போர்னுக்குச் செல்லலாம்.

நோய்க்குத் தப்பிய அம்மரங்களை வறட்சி விடவில்லை. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மழை பொய்த்தது. குடிநீருக்கே தட்டுப்பாடு நேர்ந்தபோது பூங்காக்களுக்கும் புல்வெளிகளுக்கும் நீர் பாய்ச்சுவது கட்டுப்படுத்தப்பட்டது. அந்த நீரையே நம்பி வளர்ந்திருந்த மரங்கள் காலமல்லாக் காலத்தில் இலையுதிர்த்தன, உச்சிக்கிளைகள் காய்ந்தன. 2009 ஜனவரி இறுதியில் மூன்று நாள்கள் தொடர்ந்து வெப்பம் 43 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அந்த அனல் வாரத்தில் விக்டோரியா மாநிலத்தில் வழக்கத்தைவிட 374 பேர் மிகுதியாக இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். பிப்ரவரி 7 அன்று நகரின் வெப்பம் 46.4 டிகிரியை எட்டியது. அன்று மூண்ட காட்டுத்தீயில் 173 உயிர்கள் மாண்டன. தீயைப் பற்றி உலகமே பேசிற்று. அறைகளுக்குள் ஓசையின்றி அடங்கிப்போன முதியோரைப் பற்றிப் பேசியவர் சிலரே.

தாரும் சிமிட்டியும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் கக்குகின்றன. உடல் தணிய இடைவெளியில்லாத அந்த இரவுகள் முதியோர்க்குப் பெருங்கேடு. மரமோ வெயில் தரையில் படுமுன்னரே தடுத்து நிறுத்துகிறது. வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கிக் காற்றையும் குளிர்விக்கிறது. ஆனால் வேரில் நீரில்லாத மரம் குளிர்ச்சி தருவதெங்ஙனம்? நிழல் மிகவும் தேவைப்படும் நாளிலேயே மரமும் தளர்ந்துபோகிறது.

நகராட்சி தன் மரங்களை ஒவ்வொன்றாக ஆய்ந்தது. பராமரிப்பில் இருந்தவை ஏறத்தாழ 70,000. அவற்றுள் 27 விழுக்காடு பத்தாண்டுகளிலும், 44 விழுக்காடு இருபது ஆண்டுகளிலும் முடிவெய்தக்கூடும் எனக் கணக்கிடப்பட்டது. ஒரே காலத்தில் நட்டவை ஒரே காலத்தில் மூப்படைந்தன. வறட்சி அம்மூப்பை விரைவுபடுத்திற்று. 2012-இல் அந்நகராட்சி வகுத்த நகர்க்காட்டுத் திட்டம், பொதுவிடங்களில் 22 விழுக்காடாயிருந்த மரக்கவிகையை 2040-க்குள் 40 விழுக்காடாக்க முனைந்தது. மேலும், எந்த ஒரு மரவகையும் மொத்தத்தில் 5 விழுக்காட்டையும், எந்தப் பேரினமும் 10 விழுக்காட்டையும், எந்தக் குடும்பமும் 20 விழுக்காட்டையும் மிஞ்சலாகாது என விதித்தது. ஃபிட்ஸ்ராய் பூங்காவின் நிலத்தடியில் மழைநீரைத் தேக்கிச் செடிகொடிகளுக்குப் பாய்ச்ச ஏற்பாடாயிற்று.

இவ்விதியை நகரத்தார் அனைவரும் எளிதில் ஏற்கக்கூடியதன்று. வானளாவக் கைகோத்து நிற்கும் ஒரேவகை மரங்களின் அழகில் மயங்காதவர் யார்? ஆயினும் அமெரிக்க ஊர்கள் பட்ட பாட்டை அறிந்த எவரும் அவ்வழகை நம்பி நகரை ஒப்படைக்கத் துணியமாட்டார். முன்னோர் நட்ட அதே மரத்தை அதே குழியில் மீண்டும் நடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அவர்கள் தங்கள் காலத்து வானத்தைப் பார்த்து நட்டார்கள். இன்று நடும் கன்று, 2090-ஆம் ஆண்டின் வெயிலையும் தாங்கவேண்டும். இதற்காகவே, மெல்போர்னைவிட வெப்பம் மிக்க நகரங்களில் எம்மரங்கள் செழிக்கின்றன என்பதை அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

இடையே ஒரு சுவையான செய்தி. பழுதுகளைத் தெரிவிப்பதற்காக நகராட்சி ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. மக்களோ புகாரை விட்டுவிட்டு மரத்துக்கே கடிதம் எழுதலாயினர், நலம் விசாரித்தனர், நன்றி கூறினர். கடல்கடந்த நாடுகளிலிருந்தும் மடல்கள் வந்தன.

ஆனால் அம்மடல்களைப் பெற்றவை நகர மையத்தின் மரங்கள். பெருநகரின் மேற்குப் புறநகர்களின் கதை வேறு. இயல்பிலேயே மழை குறைந்த அச்சமவெளியில் தொழிற்சாலைகளும், தொழிலாளரும் புலம்பெயர்ந்தோரும் வாழும் குடியிருப்புகளும் பெருகின. கிழக்குப் பகுதியை நோக்க அங்கே மரக்கவிகை மிகக் குறைவு. பேருந்துக்காக வெயிலில் நிற்பவரும், குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் கட்ட இயலாதவரும் அங்கேதான் மிகுதி. புகழ்பெற்ற எல்ம் வரிசைகளைக் காத்ததை விட, மேற்கில் மரமே கண்டிராத வீதிகளில் நடப்படும் கன்றுகளையே நாம் பெரிதாக மதிக்கிறோம். மெல்லிய தண்டும் இருபுறமும் முட்டுக்கழிகளுமாக நிற்கும் அக்கன்றுகளுக்கு முதல் கோடைகளில் எவரேனும் நீர் ஊற்றியாகவேண்டும். அவை கவிகை விரிக்க இன்னும் இருபது, முப்பது ஆண்டுகளாகும்.