மீனுக்கு இல்ல, தொட்டிக்கு வைத்தியம்

பதுளை டவுன்ல நாலு கப்பி மீன் வாங்கிட்டு வந்தேன். மூணாம் நாள் பார்த்தா, உடம்பு முழுக்க உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. மீனெல்லாம் தொட்டிக்குள்ள கிடந்த கல்லுல உடம்ப உரசிக்கிட்டு இருந்துச்சு. மருந்து வாங்கக் கையில காசு இல்ல. மருந்தில்லாமக் காப்பாத்த வழி தேடிப் படிக்கப் போய்த்தான், நம்ம தோட்டங்களோட நூறு வருஷக் கதை ஒன்னு எனக்குப் புரிஞ்சது.

இந்த வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் ஒரு ஒற்றைக்கல ஒட்டுண்ணி. பிரான்சில் ஃபூக்கே என்பவர் 1876இல் இதற்கு 'இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ்' என்று பெயர் வைத்தார். 'ஏகப்பட்ட பிள்ளை பெறும் மீன் பேன்' என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். மீனின் தோலுக்கு அடியில் இருந்து தின்று கொழுத்ததும், அது கழன்று தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்திப் போய் ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும்.

தோலுக்கு அடியில் இருக்கும்போது, தண்ணியில் ஊற்றுகிற மருந்துகூட அதை அவ்வளவாகத் தொடாது. மருந்து கொல்வது நீந்துகிற குஞ்சுகளைத்தான். அப்படியென்றால் வைத்தியம் பார்க்க வேண்டியது தொட்டிக்கு. தினமும் அடியில் இருக்கும் அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் தண்ணியும் மாத்தணும். கப்பி மாதிரி உப்பு தாங்கும் மீன் என்றால் லீட்டருக்கு 2 கிராம் உப்பு போடலாம். ஹீட்டர் இருந்தால் சூட்டை மெதுவாக 30 பாகை வரை ஏத்தலாம். சுடுதண்ணியில் ஒக்சிசன் குறையும், அதனால் காத்து பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும். நம்ம ஊர்க் குளிரில் இந்தச் சுழற்சி வாரக்கணக்கில் இழுக்கும். புள்ளி மறைஞ்சிருச்சுன்னு பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். என் தொட்டியில் ரெண்டு மீன் பிழைத்தது.

இப்போ தோட்டத்துக்கு வருவோம். நம்ம முன்னோர் உடம்பிலும் ஒரு ஒட்டுண்ணி இருந்தது: கொழுக்கிப்புழு. குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். அதுக்கும் உடம்புக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு. மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமான நிழல் மண்ணில் பொரிக்கும். குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எகிப்தில் தன் கையில் தவறிச் சிந்திய புழுநீரால் இதைக் கண்டுபிடித்து 1898இல் எழுதினார். மழை, தேயிலைச் செடியின் நிழல், செருப்பில்லாத கால், கக்கூஸ் இல்லாத லயம் என்று அந்தப் புழுவுக்கு வேண்டிய எல்லாமே தோட்டத்தில் இருந்தது.

இரத்தம் போனவங்களுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், வேலை ஓடாது. அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளைப் பிடித்த இதே புழுவுக்கு அந்த நாட்டுப் பத்திரிகைகள் 'சோம்பல் கிருமி' என்று பட்டம் சூட்டின. இங்கே அந்தப் பட்டம் புழுவுக்குக்கூடக் கிடைக்கல, ஆளுக்கே கிடைச்சது.

1916இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தொடங்கிய இடம் மாத்தளை. மன்னாரில் இருந்து நடந்து வந்த சனம் மலையேறிய வாசல் அது. கொடுத்த மருந்து தைமால். நம்ம வீட்டு ஓமத்தின் வாசனைக்குக் காரணமான அதே பொருள்தான். உலகப்போர் வந்து அதுக்குத் தட்டுப்பாடு ஆனதும், வேறொரு செடியின் எண்ணெய் வந்தது. ரெண்டுமே லேசான மருந்து இல்ல, அளவு தவறினால் ஆளையே சாய்க்கும்.

மருந்து குடித்தவங்க உடம்பில் புழு குறைந்தது. ஆனால் குடித்துவிட்டு அதே லயத்துக்கு, அதே மண்ணுக்குத்தானே வெறுங்காலோடு போனாங்க? புழு திரும்ப ஏறியது. மலசலகூடம் கட்டாமல் இது தீராது என்று வைத்தியர்கள் சொன்னாங்க. செலவைப் பார்த்த தொரைமார் பலர் இழுத்தடித்தாங்க. மருந்து மட்டும் போதாது என்ற பாடத்துக்குப் பிறகு, 1926இல் ஊர்ச் சுகாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் முதல் சுகாதாரப் பிரிவு இலங்கையில் வந்தது. வந்தது களுத்துறையில், நம்ம மலையில் இல்ல.

மீனைத் திட்டிப் புள்ளி போனதாக நான் எங்கேயும் படிக்கல. ஆனா நம்ம சனத்தை 'சுத்தம் தெரியாதவங்க' என்று சொல்றதை இன்னைக்கும் கேட்கிறேன். தண்ணிப் பீலி எத்தனை குடும்பத்துக்கு ஒன்னு, கக்கூஸ் எவ்வளவு தூரத்தில் என்று அப்படிச் சொல்றவங்க கேட்கிறதே இல்ல. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறாங்க, நல்லது, போட்டுக்கணும். கூடவே ஒரு கேள்வியும் கேட்கணும்: தொட்டியை எப்போ கழுவப் போறீங்க?